வெள்ளை வீசிய ஞாயிற்றுக்கிழமை

தீபாவளிக்கு வெடி போடாத ஊர் ஒன்று கல்லலுக்கு மேற்கே இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர், என் காதுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அறுபதுகளின் கடைசி அது. காரைக்குடியில் ஒரு மர அறுவை மில்லில், வந்து இறங்கும் தடிகளை அளந்து எழுதுகிற வேலை எனக்கு. அளவு நாடாவும் பென்சிலுமாக ரம்பத்துக்குப் பத்தடி தூரத்தில் நாளெல்லாம் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ரம்பம் ஓடிக்கொண்டே இருக்கும். மனைவி பேசினால் எரிந்து விழுவேன். பேசாமல் இருந்தால், ஏன் உம்மென்று இருக்கிறாய் என்று அதற்கும் எரிந்து விழுவேன். தூக்கம் என்பது சுத்தமாகப் போயிருந்தது.

டாக்டர் விளக்கடித்து இரண்டு காதையும் பார்த்தார். மருந்து எதுவும் எழுதவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது சத்தம் இல்லாத இடத்தில் போய் உட்காரச் சொன்னார்.

"காரைக்குடியில சத்தமில்லாத இடம்னா சுடுகாடுதான் டாக்டர். அங்க எப்படியும் ஒரு நாள் போகத்தானே போறேன்" என்றேன். அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒருவரின் ஊரைப் பற்றிச் சொன்னார். அந்த ஊர்க் கண்மாய்க்குள் இருக்கும் கருவேல மரங்களில் ஐப்பசி மழையோடு பறவைகள் வந்து கூடு கட்டுமாம். பங்குனி வரைக்கும் அவை அங்கேதான் இருக்கும். அவை இருக்கும் வரை அந்த ஊரில் வெடி கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. கல்யாண ஊர்வலம் கண்மாய்க்கரையை நெருங்கினால் மேளக்காரர் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பேசாமல் நடப்பாராம். "அங்க போய் உக்காருங்க, காது தானா அடங்கும்" என்றார். பின்னால் எத்தனையோ வருஷம் கழித்து இந்த மாதிரி இடங்களுக்குச் சரணாலயம் என்று பெயர் வைத்து அரசாங்கம் பலகை நட்டது. நான் போன காலத்தில் அங்கே பலகையும் கிடையாது, பங்களாவும் கிடையாது. ஊர்க் கட்டுப்பாடு ஒன்றுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் கல்லலில் இறங்கி, விசாரித்துக்கொண்டே மூன்று மைல் நடந்தேன். பனங்காட்டு வழியாகக் கரையின் பின்பக்கம் ஏறினால் நேரே மடை. தண்ணீர் திறந்துவிடும் அந்த மடைக்கு மேலே ஓர் ஆள் வசதியாக உட்காருகிற அளவுக்குக் கல் மேடை. துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தேன். இரண்டாவது இழுப்பு இழுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"யாரு நீங்க? எங்குட்டு இருந்து வாரீக?"

முப்பது வயதிருக்கும். கையில் கம்பு. கண்மாய்க் காவல் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். அவள் வீட்டு முறை வந்தபோது கணவருக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை இருந்ததால், அவள் கம்பை எடுத்துக்கொண்டாள். அப்புறம் யார் முறை வந்தாலும் அவளையே பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். அது சரிதான் என்று எனக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துபோனது. காரைக்குடியிலிருந்து கொக்குப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"காரக்குடியில கொக்கு இல்லையா?"

காது விஷயத்தைச் சொன்னேன். முகம் கொஞ்சம் இளகியது. "சரி, இருங்க. பீடிய அணைச்சுப்புடுங்க. இருமக் கூடாது. அந்தக் கல்ல விட்டு முன்னாடி ஒரு எட்டு வைக்கக் கூடாது. சொல்லிப்புட்டேன்" என்று குசுகுசுவென்று உத்தரவு போட்டாள். பிறவியிலேயே அவளுக்குப் பெரிய குரல். அதை ஆறு மாதம் அடக்கி வைத்துக்கொள்வது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது போகப் போகத்தான் புரிந்தது.

அன்று நான் பார்த்ததை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. ஒரே மரத்தில் முப்பது நாற்பது கூடுகள். மேல்கிளைகளில் நத்தைகுத்தி நாரைகள். அவற்றின் அலகு மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், சரியாகப் பொருந்தாத கதவு மாதிரி. அடுத்த தட்டில் வக்காக்கள், கீழே நீர்க்காகங்கள். நீர்க்காகம் ஒவ்வொன்றும் ஈரத் துணி காயப்போட்டது போல இறக்கையை விரித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். சத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. அலகைத் தட்டும், முனகும், குஞ்சுகள் இரைக்குக் கத்தும். ஆனால் அந்தச் சத்தம் காதில் இடிக்கவில்லை. மத்தியானம் கரையின் பின்பக்கமாக மெதுவாக ஒரு சுற்று நடந்தேன். பனைமரங்களுக்கு நடுவே ஒரு கீரி நின்று என்னைப் பார்த்துவிட்டு, நான் ஒரு பொருட்டே இல்லை என்பது போலத் தன் வழியில் போனது. எனக்கு அது பிடித்திருந்தது. மில்லில் எல்லாருக்கும் நான் ஒரு பொருட்டு. எந்தத் தடி குறைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் பருவம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் தங்குவதில்லை. மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். "எல்லா வீட்டுலயும் ஞாயித்துக்கெழமை சினிமாவுக்குப் போவாக. எங்க வீட்டுல கொக்குப் பாக்கப் போயிருக்காக." ஆனால் நாலைந்து மாதம் போன பிறகு, ஒரு நாள் காலையில் காபியைக் கொடுக்கும்போது, "ராத்திரி அசையாமத் தூங்குனீக" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், காதுக்குள் ரம்பம் நின்றுபோயிருந்தது. அந்தக் கண்மாய்க்கு நான் எவ்வளவு கடன்பட்டவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படிப்பட்ட கண்மாய்க்குத்தான், மூன்று நான்கு வருஷம் கழித்து, நான் ஒரு காரியம் செய்தேன்.

அந்த வருஷம் மழை சரியில்லை. மாசிக்குள்ளேயே தண்ணீர் வற்றத் தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் அடியில் போனதும் ஊர் கூடி மீன் பிடிப்பார்கள். அதற்கு அழிகண்மாய் என்று பெயர். நாள் குறித்துச் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். விடிவதற்கு முன்பே சனங்கள் ஊத்தாவும் வலையுமாக வந்து கரையில் உட்கார்ந்துகொள்ளும். ஊத்தா என்பது அடி இல்லாத பிரம்புக் கூடை. கலங்கிய தண்ணீரில் மீன் தெரிகிற இடத்தில் சட்டென்று கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிப்பார்கள். ஆனால் யாரும் தன் இஷ்டத்துக்கு இறங்கக் கூடாது. ஊர்த் தலைவரான அம்பலம் மடையின் மேல் ஏறி நின்று, வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். வெள்ளை வீசியாச்சு என்றால் இறங்கலாம். அதற்கு முன்னால் ஒரு கால் தண்ணீரில் பட்டாலும் குற்றம். அன்றைக்குக் கரையில் இருக்கிற ஆண்கள் யாரும் தோளில் துண்டு போட மாட்டார்கள். இடுப்பில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். தவறிக்கூட யார் கையிலும் வெள்ளை அசைந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

எனக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்டால், தெரியும். என் சொந்த ஊரிலும் அழிகண்மாய் உண்டு. ஆனால் இந்தக் கண்மாயில் அன்றைக்கு என்பது தெரியாது. மில்லில் தடி இறங்கிக்கொண்டே இருந்ததால் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் பறவைகள் ஏறக்குறைய எல்லாம் கிளம்பிவிட்டன. ஊர் கூடி நாள் குறித்துவிட்டார்கள்.

அந்த நாள் விடிந்தபோது ஒரு சிக்கல். காவல்காரப் பெண் கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்கப் போனவள், கிழக்கோரம் தனியாக நின்ற மரத்தில் நத்தைகுத்தி நாரைக் கூடு ஒன்றில் மூன்று குஞ்சுகளைப் பார்த்துவிட்டாள். முதல் முட்டைகளைக் காக்கைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி முட்டையிட்ட ஜோடியாக இருக்க வேண்டும். குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை. கடைசிக் குஞ்சும் பறக்கும் வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. ஆனால் கரையைச் சுற்றிப் பல ஊர்ச் சனம் ஊத்தாவோடு உட்கார்ந்திருக்கிறது. அம்பலமும் ஊர்க்காரர்களும் கோயில் முன்னால் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அடிதடி வரும் என்று பாதிப் பேர். மூன்று குஞ்சானாலும் முன்னூறு குஞ்சானாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்று பாதிப் பேர். இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிற நேரத்தில்தான் என் ரயில் கல்லலுக்கு வந்தது.

நான் வழக்கம்போலப் பனங்காட்டு வழியாக வந்தேன். எதிரில் ஓர் ஆளும் வரவில்லை. வரவேண்டியவர்கள் எல்லாம் முன்பே போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளையை எதிர்பார்த்து எல்லாரும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்ததால் கரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரலும் கேட்கவில்லை. கரைச் சரிவு கொஞ்சம் செங்குத்து. கால் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மடைமேல் ஏறி நின்றேன். மூன்று வாரமாக யாரும் உட்காராததால் கல்மேல் ஒரே மண். நிமிர்ந்து பார்க்காமலே தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். மனைவி வெளுத்து, கஞ்சி போட்டு, பெட்டி போட்டு வைத்திருந்த துண்டு. இரண்டு முனையையும் பிடித்து, கல்மேல் இருந்த மண்ணைப் படார் படாரென்று மூன்று தடவை விசிறினேன்.

அப்போது ஒரு சத்தம் எழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ரம்பம் ஒன்றுமே இல்லை. சுற்றிலும் கரை முழுக்க ஓ என்று கத்திக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் எழுந்து தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். ஆண்கள், பெண்கள், கிழவர்கள், சேலையை வரிந்து கட்டிய பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. நான் துண்டைப் பிடித்த கை பிடித்தபடி நின்றேன். முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? இவர்களுக்கெல்லாம் என்ன பைத்தியமா என்றுதான். கையில் இருந்த துண்டைப் பார்த்தேன். நான் நின்ற இடத்தைப் பார்த்தேன். பிறகுதான் எல்லாம் விளங்கியது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முன்வழுக்கை. அம்பலத்துக்கும் எனக்கும் இந்த மூன்றும் பொது. தூரத்திலிருந்து பார்த்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

கிழக்கோரத்து மரத்திலிருந்து இரண்டு பெரிய பறவைகள் எழுந்து மேலே போயின. மரத்துக்கு நேராகக் கரையில் நின்ற அந்தப் பெண் ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்து ஒரு கத்துக் கத்தினாள். "குஞ்சு இருக்கு! அங்குட்டு போங்க! குஞ்சு இருக்குய்யா!" மேலே சுற்றுகிற இரண்டையும், மரத்தில் அசைகிற சின்னத் தலைகளையும் பார்த்தேன். பறந்து போனவை திரும்பி வராவிட்டால் அந்த மூன்றும் வெயிலில் செத்துவிடும். பகலெல்லாம் தாய்ப்பறவை இறக்கையை விரித்துக் கூட்டின்மேல் நின்று குஞ்சுகளுக்கு நிழல் கொடுப்பதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தவன் நான். வெயிலுக்குத் தப்பினால் காக்கை இருக்கிறது. அப்படி நடந்தால் நான்தான் கொன்றவன். அதற்குமேல் அந்த ஊரில் என் முகத்தைக் காட்ட முடியாது. காட்டவும் எனக்கு மனது வராது.

கரைமேலே ஓடினேன். கிழக்கே போய் இறங்கினால் சேறு முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. அந்த மரத்தடியில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன். எனக்கு முன்பே அங்கே இறங்கி வந்திருந்த அவள் என்னைப் பார்த்தாள். பார்வையாலேயே எரித்திருப்பாள்.

"நீங்கதானா வீசுனது?"

"தெரியாமப் பண்ணிட்டேன் தாயி. துண்ட உதறுனேன்."

"உதறுறதுக்கு வேற எடமே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

கையை இன்னும் அகலமாக விரித்துக்கொண்டேன்.

அதற்குள் கோயில் பக்கமிருந்து அம்பலம் ஓடி வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எறங்குனது எறங்கியாச்சு. இனி ஏத்த முடியாது. மரத்தச் சுத்தி நில்லுங்க" என்றார். பத்துப் பதினைந்து உள்ளூர்க்காரர்கள் வந்து மரத்தைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். கிழக்குப் பக்கம் மீன் பிடித்தவர்களிடம் ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் நல்லவர்கள். விஷயம் தெரிந்ததும் குரலை இறக்கிக்கொண்டு மேற்கே தள்ளிப் போனார்கள். ஒரு கிழவர் ஊத்தாவுக்குள் பெரிய விரால் சிக்கியும், சந்தோஷத்தில் கத்தப் போனவர் வாயைப் பொத்திக்கொண்டார். மேற்குப் பக்கத்தில் கூச்சல் அப்படியேதான் இருந்தது. அவர்களிடம் சேதி போய்ச் சேர்வதற்குள் மீனே தீர்ந்துவிடும்.

வெயில் ஏறியது. குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு இரைத்தன. ஒரு காக்கை வந்து மேல்கிளையில் உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்துக் கூட்டைப் பார்த்தது. ஒரு கிளை கீழே இறங்கியது. கல்லெடுத்து எறிய முடியாது, கூட்டில் விழும். என் துண்டு என்னிடம்தான் இருந்தது. அதை அக்குளில் இடுக்கி, யார் கண்ணிலும் படாமல் மறைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்னத்துக்கு ஒளிச்சு வச்சிருக்கீக?" என்றாள் அவள். "இப்ப வீசுங்கண்ணே!"

வீசினேன். எம்பி எம்பி வீசினேன். சேற்றுத் தண்ணீர் என் தலையிலேயே சொட்டியது. காக்கை போயிற்று, இன்னொன்று வந்தது, அதுவும் போயிற்று. சுற்றி நின்றவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அம்பலம் முறைத்ததும் அடங்கிவிட்டது. எனக்குக் கை வலித்தது. அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது.

பத்து மணிக்குமேல் மீன் பிடித்த கூட்டம் கலைந்தது. கண்மாய் காலியானது. ஆனால் பெரிய பறவைகள் இரண்டையும் காணவில்லை. கொஞ்ச நேரம் வெகு உயரத்தில் வட்டமடித்தவை, எப்போது எந்தப் பக்கம் போயின என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நாம் இங்கே நின்றால் அவை இறங்காது என்று சொல்லி அம்பலம் எல்லாரையும் கரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். காக்கை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "வரக் கூடாதுன்னு வேண்டிக்கங்க" என்றார். அதுதான் அன்று அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கரைச் சரிவில் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வேட்டி காய்ந்து பலகையாகிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். மீன் கழுவ வேண்டும், உப்புப் போட வேண்டும். கடைசியில் அம்பலமும் அந்தப் பெண்ணும் நானும் மிஞ்சினோம். நான் கண்ணைச் சிமிட்டக்கூடப் பயந்தேன். குஞ்சுகளின் தலை முதலில் மூன்று தெரிந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒன்றும் தெரியவில்லை. படுத்திருக்கின்றனவா, செத்துவிட்டனவா?

"கோயில்ல நான் என்ன சொல்ல இருந்தேன்னு தெரியுமா?" என்றார் அம்பலம் திடீரென்று. கண்ணை மரத்திலிருந்து எடுக்காமலே சொன்னார். "சரி, வீசிப்புடுவோம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இம்புட்டுச் சனத்த எப்படித் திருப்பி அனுப்புறது? அதுக்குள்ள நீங்க வீசிட்டீக."

அவர் சொன்னது என்னைத் தேற்றுவதற்காகவா, தன்னைத் தேற்றிக்கொள்வதற்காகவா என்று தெரியவில்லை. அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்குக் கிடைத்ததில் பாதி அவருக்கும் கிடைத்தது. என் பாரம் கொஞ்சம் குறைந்தது என்று ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

வெயில் சாய்ந்து, மரத்தின் நிழல் கரையைத் தொடுகிற நேரத்துக்குத்தான் ஒன்று வந்தது. தெற்கிலிருந்து தாழப் பறந்து வந்து, இறங்காமல் மரத்தைச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. என் உயிர் போய்விட்டது. மறுபடி வந்தது. உச்சிக் கிளையில் கால் வைத்தது. நாலு பக்கமும் பார்த்தது. ஒரு கிளை இறங்கி, இன்னொரு கிளை இறங்கி, கூட்டு விளிம்பில் நின்று தலையைக் குனிந்தது. ஒரு சின்னத் தலை எழுந்தது. இன்னொன்று. நான் மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். அந்தப் பறவை வாயிலிருந்து எதையோ கூட்டுக்குள் கக்கியது. அப்போது மூன்றாவது, மற்ற இரண்டையும் இடித்துத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றது.

அவள் கம்பைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் புல்லில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதை என் மனைவி உயிரோடிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

கிளம்பும்போது அம்பலம் கையை நீட்டினார். எதற்கு என்று புரியவில்லை. "துண்டு" என்றார். கொடுத்தேன். சேற்றில் நனைந்து காய்ந்து அது வெள்ளையாகவே இல்லை. "நீங்க எப்பவும் போல வாங்க. இது மட்டும் இந்த ஊருக்குள்ள வரக் கூடாது" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. கரையைவிட்டு நான் இறங்கிய பிறகு பின்னால் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதைவிட இனிமையான ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. வெட்கத்தால் அல்ல, பயத்தால். ஒரு பறவை திரும்பி வந்ததைத்தான் நான் பார்த்தேன். இன்னொன்று வந்ததா? மறுநாள் காக்கை வந்திருந்தால்? தண்ணீர் கலங்கி, மீனும் நத்தையும் போன கண்மாயில் அவை குஞ்சுகளுக்கு எதைக் கொடுக்கும்? காலியான கூட்டைப் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பதே மேல் என்று நினைத்தேன். மனைவி, "போயித்தான் பாத்துட்டு வாங்களேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். அன்று காரைக்குடியில் சந்தை. மில்லில் பெரிய தேக்குத் தடி ஒன்று ரம்பத்தில் ஏறியிருந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. நாடாவைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, மில் கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் நின்றாள். தலையில் சந்தைக் கூடை. ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி எந்த மில் என்று விசாரித்திருக்க வேண்டும். திட்டுவதற்காக ஒருத்தி இவ்வளவு தூரம் வருவாளா என்று நினைத்தேன். இவள் வருவாள் என்றும் நினைத்தேன்.

என்னைக் கண்டதும் வாயைத் திறந்து பெரிதாக ஏதோ சொன்னாள். ஒரு எழுத்து கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். நான் கையை விரித்தேன். அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு, அத்தனை மில் ஆட்களும் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே இல்லாமல், இரண்டு கைகளையும் பக்கத்தில் நீட்டி மேலும் கீழுமாக அடித்தாள்.

நானும் மூன்று விரலைக் காட்டினேன். மூன்றுமா?

தலையை ஆட்டினாள். மறுபடியும் மூன்று விரல், மறுபடியும் இறக்கை. அப்புறம் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கல்லல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பது போல விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

அறுக்காமல் கிடந்த ஒரு தடிமேல் உட்கார்ந்தேன். ரம்பக்காரர் என்னைப் பார்த்துப் பதறி, ரம்பத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "யாருங்க அந்தப் பொம்பள? ஊர்லேருந்து சேதியா? யாருக்கு என்னாச்சு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஒண்ணும் ஆகல" என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே."